சமத்துப் பூனை

சாம்பி என்ற பூனைக்குச் சர்க்கரை வியாதி. அதை வளர்த்த யாழினி ஊர் சுற்றப் புறப்பட்டபோது எதிர்வீட்டு வத்சலாவிடம் விட்டுப்போனாள். இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போட்டு, அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

வத்சலாவுக்கு ஊசி என்றாலே பயம். பூனையின் கழுத்தருகே ஊசியை வைத்துப் படமெடுப்பாள். பிறகு மருந்தைக் கழுவுதொட்டியில் பீச்சிவிடுவாள். யாழினியிடமிருந்து உடனே இதயப் படங்கள் வந்து விழும்.

"குத்தாமலே ஊசி! குடுத்து வச்சவடி நீ" என்றது சாம்பியிடம், வத்சலா வீட்டுக் கூண்டுக்கிளி.

"எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கல, அண்ணே. பின்னங்கால் ரெண்டும் மடங்கிப் போகுது. உனக்குத்தான் மனுசப் பேச்சு வருமே! யாழினி போன்ல வரும்போது, ஊசி போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"சொல்லலாம். அப்புறம் எனக்குக் கொய்யாப்பழம் நீயா நறுக்கிப் போடுவே?"

மாலையில் யாழினி வீடியோவில் வந்தாள். சாம்பி எழப் பார்த்தது. முடியாமல் படுத்தபடியே கத்தியது. பிறகு கிளியைப் பார்த்தது.

"சோம்பேறி, எழுந்துக்கக்கூட மாட்டேங்கிறா! ஊசிக்கு அடம் பிடிக்கிறாளா அக்கா?" என்று கேட்டாள் யாழினி.

வத்சலா வாய் திறப்பதற்குள் கிளி முந்திக்கொண்டது. "சமத்து! சமத்து!"

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ இன்னும் ஒரு வாரம் இருந்துட்டே வரேன், அக்கா."