கையை விடாதவள்

வீபேயின் கையை விடச் சொல்லி ஹிஸ்கா மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். லமாரா விடவில்லை.

கடல் வற்றிக் கிடந்தது. நெதர்லாந்தின் வடகரையிலிருந்து ஆமெலாந்த் தீவு வரைக்கும் பழுப்புச் சேறு. தண்ணீர் திரும்பி வருவதற்குள் நடந்து போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

குடும்பமாக ஒன்பது பேர். ஆழம் பார்க்கும் கோலோடு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனவள் ஹிஸ்கா, வீபேயின் மகள். முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் வீபே. அவருக்குப் பிறகு அவள்.

லமாரா ஜார்ஜியாவின் மலைப் பக்கத்திலிருந்து வந்தவள். வீபேயோடு வாழ வந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி இறந்து ஒன்பது வருஷம் தனியாக இருந்த மனிதர், அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு துணையைத் தேடிக்கொள்வார் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சேறு முழங்கால் வரை இழுத்தது. லமாராவின் வாய் ஓயவில்லை.

இடப்பக்கம் கறுப்பாகத் தெரிவது சிப்பித் திட்டா என்று கேட்டாள். பத்தடியில் ஒரு பள்ளம் வருகிறதே, சுற்றித்தானே போக வேண்டும் என்றாள். ஹிஸ்கா வலது பக்கம் திரும்பிவிட்டாளே, நாமும் திரும்பலாமா என்றாள். ஒவ்வொன்றுக்கும் வீபே பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார்.

"யாராவது அந்த ரேடியோவை அணைங்கப்பா," என்றான் ஹிஸ்காவின் கணவன் டௌவ. எல்லோரும் சிரித்தார்கள்.

இது புதிதல்ல. ஏப்ரலில் துலிப் வயலுக்குப் போனபோதும் இப்படித்தான். இது சிவப்பு, அடுத்தது மஞ்சள், அதற்கப்பால் ஊதா என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். காற்றாலை வாசலில் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். டச்சு மொழி பழகுகிறாளாம்.

ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வீபே அவளை எங்காவது கூட்டிப் போனார். பாலாடைக்கட்டிச் சந்தை, கோட்டை, குட்டிக் குட்டி வீடுகளால் கட்டிய பொம்மை நகரம். அவள் ரயிலில் போய்ப் பழகட்டும் என்று காரைக்கூட விற்றுவிட்டார். சொந்த ஊரிலேயே அப்பா சுற்றுலாப் பயணி ஆகிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அம்மாவை ஒரு இடத்துக்கும் கூட்டிப் போனதில்லையே என்று ஹிஸ்கா ஒரு தடவை சொன்னது லமாராவின் காதிலேயே விழுந்தது.

பாதி வழியில் அகலமான வாய்க்கால் ஒன்று குறுக்கிட்டது. ஹிஸ்கா கோலை இறக்கிப் பார்த்தாள். நெஞ்சளவு.

எல்லோரையும் நிறுத்தினாள். இவ்வளவு பயப்படுகிற லமாராவை இதற்குமேல் கூட்டிப்போக முடியாது என்றாள். கரைக்குத் திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது, டௌவ கொண்டுபோய் விடட்டும், அப்பா எங்களோடு வரட்டும் என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் வேலை அது.

லமாரா நகரவில்லை.

"திரும்பிப் போக மாட்டேன். பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டே வரேன். கையையும் விட மாட்டேன். உனக்கு வெக்கமா இருந்தா முன்னாடி பாத்து நட."

வீபே ஏதோ சொல்ல வாயெடுத்தார். லமாரா அவர் விரல்களை ஓர் அழுத்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஹிஸ்கா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கோலை ஊன்றித் தண்ணீரில் இறங்கினாள்.

லமாரா தன் உடைந்த டச்சில் ஒவ்வோர் அடியையும் உரக்க எண்ணிக்கொண்டே இறங்கினாள். ஒன்று, சரிவு. இரண்டு, இன்னும் சரிவு. ஐந்து, இங்கே வழுக்குகிறது. பின்னால் டௌவ அதே உச்சரிப்பில் அவளோடு சேர்ந்து எண்ணினான். மறுபடி சிரிப்பு. அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். பதினெட்டில் மேடு ஏறியது.

தீவின் மணல் கெட்டியாகக் காலில் தட்டுப்பட்டபோது ஹிஸ்கா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. பிறகு லமாராவின் தோளில் தட்டி, அடுத்த தடவை பயப்படாமல் வாருங்கள் என்றாள். சரி என்றாள் லமாரா.

மற்றவர்கள் கால் கழுவவும் காபி ஊற்றவும் போனார்கள். இவர்கள் இருவரும் மணல்மேட்டில் உட்கார்ந்தார்கள்.

"கட்டிப்பிடிச்சப்போ ஹிஸ்கா முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் வீபே.

"சிரிச்சா. கண்ணு கலங்கியிருந்துச்சு. மூக்கு நல்லா சிவந்துபோச்சு."

அவர் தலையாட்டினார். முகம் கடலைப் பார்த்தே இருந்தது. வெளிச்சமும் நிழலும் தவிர அந்தக் கண்களில் ஆறு வாரமாக எதுவும் படவில்லை.

போன குளிர்காலத்தில் குரோனிங்கன் நகரத்துக் கண் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அந்த வாரம்தான் சனிக்கிழமைப் பயணங்கள் தொடங்கின. பார்வை போவதற்குள் அவருக்கு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார் என்று எல்லோரும் நினைத்தது நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் ஹிஸ்கா இன்றைக்கு அவரைக் கரையைவிட்டே இறக்கியிருக்க மாட்டாள்.

திரும்பும் கப்பலில் மகளிடம் சொல்லிவிடலாம் என்றார் வீபே. அவர்கள் உன்னைத் தப்பாக நினைக்கிறார்கள் என்றார்.

கீழே டௌவ கால் கழுவிக்கொண்டே, அவள் எண்ணியதை மறுபடி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குச் சொல்லு," என்றாள் லமாரா. "இன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகட்டும்."