உபயோகித்தபின்

"உபயோகித்தபின் குழாயை இறுக மூடவும்."

டொராண்டோ ஹாக்கி அரங்கில் பன்னிரண்டாயிரம் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். சிலர் அழுதார்கள். எலெக்ட்ரிக் கிதார் ஊளையிட்டது.

முதல் வரிசையில் மோகனசுந்தரத்துக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது. அவர் மனைவி வனஜா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

இந்த ராஜமரியாதை பெயரால் வந்தது. 'லாவெண்டர் ஸ்டீம்ரோலர்' என்ற அந்த இங்கிலாந்துக் குழுவுக்கு அன்று காலை அவசரமாக ஒரு தமிழர் தேவைப்பட்டார். 1974இல் டொராண்டோவில் எங்கே போய்த் தேடுவது? மேனேஜர் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி, இருப்பதிலேயே நீளமான பெயருக்குப் போன் போட்டுவிட்டார்.

மதியக் கச்சேரி முடிந்ததும் இருவரையும் ஒப்பனை அறைக்கு அழைத்துப் போனார்கள். பாடகன் நைஜல் வெற்றுடம்போடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஏழெட்டு உருத்திராட்ச மாலை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

குழுவின் சரித்திரத்தை அவனே சொன்னான்.

ஆறு வருடம் முன்பு திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் தங்கினார்களாம். தினமும் காலையில், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு குரு அவன் அறைக்கு வருவார். குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டுவார். கைகூப்பி, அதில் உள்ளதைக் கெஞ்சும் குரலில் ஓதிவிட்டுப் போவார்.

பிறகு டிரம்மர் மனம் பேதலித்துப் போனான். இரண்டு பேர் போதையில் செத்தார்கள். நைஜல் மட்டும் ஊசியைத் தொடாமல் பிழைத்துக் கிடக்கிறான்.

"இந்த மந்திரம்தான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது. அர்த்தம் சொல்லுங்கள்" என்றான்.

மோகனசுந்தரத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உண்மையச் சொல்லித் தொலைச்சிடாதீங்க. பாவங்க, செத்துப் போயிடுவான்" என்று தமிழில் முணுமுணுத்தாள் வனஜா.

பொய் சொன்னால் மோகனசுந்தரத்துக்குக் காது சிவந்துவிடும். சிவந்த காதோடு சொன்னார். வீணாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்து. மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்கும் வேண்டும், மற்றவர்களுக்கும் வேண்டும்.

நைஜல் அதை ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டான். எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வனஜா சும்மா இருப்பாளா? தரையில் கிடந்த நோட்டைப் புரட்டினாள்.

பக்கத்துக்கு ஓர் ஊர். லீட்ஸ், பாஸ்டன், டெட்ராய்ட். ஊருக்கு ஒரு தமிழர். அகிலாண்டேஸ்வரி, ஜாபர், உமாபதி. ஆளுக்கு ஓர் அர்த்தம், எல்லாமே இதமாக.

முதல் பக்கத்தில் 1968ஆம் வருடத் தேதி. 'லாட்ஜ் மேனேஜர் இன்றும் வந்து கெஞ்சினார். குழாயை மூட வேண்டுமாம்.'

அதன் கீழே, வேறு மையில்: 'ஊசி வேண்டும்போலத் தோன்றும் ஊர்களில் ஒரு தமிழரைப் பிடித்து அர்த்தம் கேள். இதுவரை ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை.'