வீடு பார்க்க வந்தவர்கள்

ஜாஸ்பர் கிழவியின் கழுத்தைத் திருகி, தலையைத் தனியாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கண்ணிலிருந்து வழிந்த ரத்தம் போதவில்லை. இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினான்.

நன்னாரி சர்பத்தில் சிவப்புச் சாயம் கலந்த ரத்தம் அது. கிழவி பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் தேங்காய் நாரும். கழுத்துக்குள் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கார் வைப்பர் மோட்டார் இருந்தது. ரிமோட்டை அழுத்தினால் தலை இரண்டு பக்கமும் ஆடும்.

பாளையங்கோட்டையில் கிளார்க்காக இருக்கும் ஜாஸ்பருக்குச் சின்ன வயதிலிருந்தே பேய் என்றால் உயிர். மூன்று வருடமாக வாடகை வீட்டு மாடியில் ஒவ்வொன்றாகச் செய்து அடுக்கிக்கொண்டிருந்தான். சர்ச்சில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை வருகிறது; அதில் 'பேய் வீடு' போட்டு சபையையே அலறவைக்க வேண்டும் என்பது அவன் கனவு. குருவானவர் சம்மதிப்பாரா என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

அதற்குள் வீட்டுக்காரர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி குண்டைத் தூக்கிப் போட்டார். வீட்டை விற்கப் போகிறாராம். "ஆளு அமைஞ்சா உங்க அப்பாட்ட சொல்லிவிடுதேன்" என்றார். அவர் அப்பாவுக்குச் சிநேகிதர். பதினேழு பேய்களோடு வருகிற ஒண்டிக்கட்டைக்கு வேறு யார் வீடு கொடுக்கப் போகிறார்கள்?

நேற்று நாங்குநேரியிலிருந்து அப்பா அப்பாத்துரை போன் செய்தார். அவர் போனில் தந்தி அடிப்பது போலத்தான் பேசுவார். "ஏலே, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வீடு பாக்க வாராவ. எங்கயும் போயிராத." வைத்துவிட்டார்.

ஜாஸ்பர் அப்போதே தீர்மானித்துவிட்டான். இந்த வீட்டை ஒருத்தரும் வாங்கக் கூடாது.

சொன்னபடி பத்து மணிக்கு ஒரு வேனிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த வழுக்கைத் தலைக்காரர், "அப்பா சொல்லியிருப்பாவளே தம்பி?" என்றார்.

"சொன்னாவ. வீடு பாக்கத்தான? உள்ள வாங்க."

அவருடைய மனைவி அடுக்களையை ஒருமுறையும் ஜாஸ்பரை இரண்டு முறையும் பார்த்தாள். "தம்பி எந்த சபை? சமையலெல்லாம் நீங்களேதானா?"

வீடு வாங்க வந்தோமா, போனோமா என்று இல்லாமல் இது என்ன விசாரணை என்று நினைத்துக்கொண்டே இரண்டுக்கும் பதில் சொன்னான். "மாடியில காத்து பிச்சுக்கிட்டு வரும். போய்ப் பாருங்க" என்று படியைக் காட்டினான்.

அவர்கள் ஏறியதும், படிக்கு அடியில் குத்தவைத்து வேலையைத் தொடங்கினான். முதலில் ஊஞ்சல் தானாக ஆடியது. பிறகு அலமாரி திறந்து அறுந்த கை ஒன்று தொங்கியது. கடைசியாக, இருட்டு மூலையில் கிழவி மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஏசுவே!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. ஆறு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கினார்கள். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி மாடியிலேயே நின்றுவிட்டது.

ஜாஸ்பர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான். "நீங்களும் பாத்துட்டியளா? எனக்குப் பழகிட்டு."

"பழகிட்டா!" வழுக்கைத் தலைக்காரர் வாசலுக்குப் பாய்ந்தார். "இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டோம் வே!"

ஏழாவது ஆள் மட்டும் பைய இறங்கி வந்தாள். பச்சைச் சுடிதார் போட்ட பெண். அவள் விரல் நுனியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"ஊஞ்சல தூண்டில் நரம்பு போட்டா இழுக்கீய? வெளிச்சத்துல மின்னுது. கறுப்பு நூலு போடுங்க" என்றாள் மற்றவர்களுக்குக் கேட்காமல். "ரத்தத்துல எறும்பு மொய்க்குது. சர்பத்து வேண்டாம், கிளிசரின் ஊத்துங்க. ஆனா கிழவி மூஞ்சியில ஒரு குத்தம் சொல்ல முடியாது. நீங்களே செஞ்சதா?"

மூன்று வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் இவள்தான். ஜாஸ்பர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான், கிழவியைப் போலவே.

"நானும் மூணு மண்டையோடு செஞ்சு கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருக்கேன்" என்று சிரித்தாள்.

"ஏ பிள்ள, அங்கன நின்னு என்ன பேச்சு? ஓடியாட்டீ!" அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் வேனில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

வீடு தப்பித்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் ஜாஸ்பருக்கு என்னவோ மனசு கனத்தது. பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

போன் அடித்தது. வந்தவர்களை விரட்டிய கதையை அவிழ்த்துவிட ஜாஸ்பர் வாயைத் திறந்தான். அப்பா விடவில்லை.

"நான் வார பஸ்ஸு பிந்திட்டுலே. மாப்பிள்ள வீடு பாக்க பொண்ணு வீட்டுக்காரவ வந்தாச்சா?"