பேட்ஜின் பின்பக்கம்

"நாளைக்குக் காலைக்குள்ள வேணும்னு அவன்கிட்ட சொல்லு மோரீன்."

ட்ரெவர் சொன்ன அந்த 'அவன்' இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி சந்தையில் பழைய பேட்ஜ்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தரும் நெவில். 1984-ல் தொடங்கி ஒரு வருடம் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வேலைக்குத் திரும்பியவர். ஊரில் பலரைப் போல ட்ரெவரும் அவரோடு பேசி நாற்பது வருடம் ஆகிறது.

பக்கத்துக் கடையில் பொத்தான் விற்கும் மோரீன் அலுத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

"கருங்காலிகூட எனக்கென்ன பேச்சு? இது கடைசி நாள் வரைக்கும் நின்னவங்களுக்கு மட்டும் குடுத்த பேட்ஜ். எண்பத்தஞ்சுல எங்க யூனியன் செகரட்டரி தன் கையால எனக்குக் குத்திவிட்டாரு. நாளைக்கு அவருக்கு அடக்கம். எல்லாரும் பேட்ஜைக் கழட்டிச் சவப்பெட்டி மேல வைக்கிறோம். ஊசி போச்சு, அதை மட்டும் பாக்கச் சொல்லு. பின்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம்."

நெவில் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்கு ஒன்றை வெட்டி, சூட்டில் எனாமல் வெடிக்காமலிருக்க பேட்ஜின் முகத்தை அதில் அழுத்தினார்.

"சமைக்கிறானா?"

"சாப்பிட்டுட்டுப் போறாரான்னு கேளு மோரீன்."

நெவில் ஈயம் வைத்தால் வைத்த இடம் தெரியாது என்று சந்தையில் பேர். இன்று ஊசி பிடித்துக்கொண்ட பிறகும் அவர் ஈயக்கம்பியைக் கீழே வைக்கவில்லை.

மோரீன் எட்டிப் பார்த்தாள். "என்ன நெவில் இது, புறா எச்சம் போட்ட மாதிரி?"

"கை நடுங்கிடுச்சு."

"கருங்காலி வேலை வேற எப்படி இருக்கும்?" ட்ரெவர் பேட்ஜை வாங்கித் திருப்பினார். ஈயக் கட்டியைப் பெருவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"தேங்க்ஸ், நெவில்."

அதை மோரீனிடம் சொல்லவில்லை.

அவர் போனதும் மோரீன் கேட்டாள், "கெடுத்து வச்சதுக்கா தேங்க்ஸ்?"

நெவில் உருளைக்கிழங்கைக் குப்பையில் போட்டார்.

அந்த ஈயக் கட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் பொறித்திருந்தது: 'வேலைநிறுத்தத்தின் இருபதாம் ஆண்டு நினைவுப் பிரதி, 2004.'