இரண்டு சென்டிமீட்டர் புள்ளி

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, சாவோ பாலோவின் அரசு மருத்துவமனை ஒன்றில் ஜுசாராவின் கல்லீரலுக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தொடங்கியது.

“நல்லாக் குலுக்குங்கக்கா! கார்னிவல் ஆட்டம் முடிஞ்சு மூணே வாரம், அதுக்குள்ள கை மறந்துடுச்சா?” என்றாள் கட்டிலில் படுத்திருந்த ஜுசாரா.

“பேசாம படு கண்ணு. இருபது செகண்டு எண்ணணும்,” என்றாள் நர்ஸ் மார்லூசி. இடுப்பும் சேர்ந்து ஆட, அவள் குலுக்கிய குப்பியில் மருந்துத் தூளும் உப்புநீரும் கலந்து பாலாய் வெளுத்தன.

டாக்டர் டெர்சியோ சீட்டை மறுபடி படித்தார். விடுப்பில் போனவருக்குப் பதிலாக அன்றுதான் அந்த அறைக்கு வந்திருந்தார். ‘கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டர் புள்ளி. என்னவென்று தெளிவாக்கவும். அறுவை சிகிச்சை: வியாழன், காலை 7.’ அவ்வளவுதான். வயது முப்பத்தொன்று. சந்தையில் பாஸ்தெல் பலகாரம் பொரித்து விற்கிறவள். புற்றாக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டார்.

“சி.டி. ஸ்கேன்லயே பார்த்திருக்கலாமே?”

“அந்தச் சாயத்தை ஏத்தினதும் பூசணிக்காயா வீங்கிட்டேன் டாக்டர். யாரு நீங்கன்னு என் புருஷனே கேட்டான்.”

“இது வெறும் காத்துக் குமிழி. கண்ணுக்கே தெரியாது. ரத்தம் போற இடமெல்லாம் போய்த் திரையில மின்னும். அப்புறம் அந்தக் காத்து மூச்சோட வெளிய வந்துடும்.”

“ஏப்பமா வராதா? குவாரானா சோடா குடிச்சா வருதே!”

மார்லூசி சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

மருந்து ஏறியது. ஜுசாராவின் சிரிப்பு நின்றது.

“டாக்டர், கெட்டதுன்னா மறைக்காதீங்க. நல்லதுன்னா ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லுங்க.”

பதினைந்தாவது நொடியில் திரையில் ஒளி பரவத் தொடங்கியது. புள்ளியின் ஓரத்தில் மட்டும் முத்து முத்தாகச் சில வெளிச்சங்கள். டெர்சியோ அவள் வயிற்றில் வைத்த கருவியை அசைக்காமல் காத்திருந்தார். புற்றென்றால் மளமளவென்று மின்னிவிட்டு, பிறகு கறுத்துப்போகும். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“என்ன டாக்டர், ஊமையாயிட்டீங்க?”

“பொறும்மா.”

வெளிச்சம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. ஐந்தாவது நிமிடத்தில் புள்ளி முழுக்க நிறைந்து நின்றது. கறுக்கவில்லை.

“நல்லது!” என்று டெர்சியோ கத்தினார். நடைக்கூடத்திலிருந்து யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். “வெறும் ரத்தக்குழாய் முடிச்சும்மா! அது பாட்டுக்கு இருக்கட்டும், ஒண்ணும் பண்ணாது!”

மார்லூசி ஜுசாராவைக் கட்டிக்கொண்டாள். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“நேரா சந்தைக்குப் போய் எண்ணெயைக் காய வைங்க,” என்ற டெர்சியோ தொலைபேசியை எடுத்தார். “வியாழக்கிழமை ஆபரேஷனை இப்பவே ரத்து பண்ணச் சொல்றேன். உங்க மேல யாரும் கத்தி வைக்க வேண்டாம்.”

ஜுசாரா துள்ளி எழுந்தாள். வயிற்றில் தடவிய பசை வழிய, அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“ரத்தா? ஐயோ, வேண்டாம்! அந்தக் கத்தி படணும்னுதானே ரெண்டு மாசமா தவம் கிடக்கேன்!”

“சந்தோஷத்தில உளறுது பொண்ணு,” என்றாள் மார்லூசி.

“நான் ஒண்ணும் உளறல. நீங்க மொதல்ல போனைப் போடுங்க டாக்டர். புள்ளி நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அவங்க சொல்வாங்க.”

டெர்சியோ அறுவை மருத்துவரிடம் அரை நிமிடம் பேசினார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மன்னிச்சுக்கம்மா. சீட்டில யாருமே எழுதல.”

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜுசாராவின் கல்லீரலிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். மாலை நாலு மணிக்கு, பித்தக்குழாய் இல்லாமல் பிறந்த அவளுடைய பதினொரு மாத மகள் மனுவெலாவின் வயிற்றில் அது வேலை செய்யத் தொடங்கியிருந்தது.