மூன்று நிமிடம்

எங்கள் பாய்ப்படகின் கழிப்பறையில் அந்த இயந்திரத்தை என் கணவர் ரெமிஜியுஸ்தான் பொருத்தினார். கழிவில் மின்சாரம் பாய்ச்சி, கிருமிகளைக் கொன்ற பிறகே அது கடலில் விடும். அது ஏகமாகக் கரண்ட் குடிக்கும் என்று தெரிந்தும், தனி பேட்டரி வைக்காமல் ரேடியோவின் பேட்டரியிலேயே இணைத்தார். "ஒரு தடவை அமுக்குனா மூணே நிமிசம்ட்டி. என்ன ஆயிரப் போவுது?" எஞ்சின் நின்று, காற்றும் விழுந்த ஐந்தாம் நாள், வயிற்றுப்போக்கில் அவர் பாதியாகிவிட்டிருந்தார். பேட்டரியில் ஒரு அழைப்புக்கு மட்டும் மிச்சம் இருந்தது. "அந்த மிசின் பொத்தானைத் தொட்டுராதீங்க" என்று கெஞ்சினேன். தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்தபடி கழிப்பறைக்குள் போனார். ரேடியோவில் ஒரு விசைப்படகுக்காரரின் குரல் கிடைத்தது. "இந்தா வாரோம் தாயீ. எந்த இடத்துல நிக்கிய?" நான் ஜி.பி.எஸ். காட்டிய இட எண்களைப் படிக்கத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னால் இயந்திரம் உறுமியது. நான் பாதி எண்ணில் இருக்கும்போதே ரேடியோவின் விளக்கு மங்கி அணைந்தது. இயந்திரம் மட்டும் தன் மூன்று நிமிடத்தை இழுத்து இழுத்து முடித்தது. அவர் ஈரக்கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஆளுவ வாராவல்லா? நாத்தமாக் கெடந்தா அசிங்கம் பாத்துக்க." மைக் இன்னும் என் கையில் இருந்தது. "ஆமாங்க, பக்கத்துல வந்துட்டாவ" என்றேன். அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் உடம்பு சில்லிட்ட பிறகு, அந்தச் சட்டையை நான்தான் கழற்றினேன்.