மைல் ஏறாத கார்

"ஸ்காட்லாந்து கோடியிலேர்ந்து கார்டிஃப் வரைக்கும் என் கார் வந்துச்சு. மீட்டர்ல ஒரு மைல்கூட ஏறல!" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த கிளெனிஸ்.

மதுக்கடையே குலுங்கிச் சிரித்தது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குத்தகைக்குத் தரும் கார் அது. அதன் மைல் வரம்பு, அங்கே இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோதே தீர்ந்துவிட்டது. தாண்டினால் மைலுக்கு மைல் காசு.

"பறந்து வந்துச்சாக்கா?" எல்லோரையும்விடச் சத்தமாகக் கேலி செய்தவன் தம்பி எம்லின்தான்.

"லாரி முதுகுல வந்துச்சுடா. பங்க்லயே படுத்துடுச்சு. குத்தகைக் கம்பெனிக்காரங்க வீடு வரைக்கும் சும்மாவே ஏத்திட்டு வந்தாங்க."

"புது வண்டி எப்படிப் படுக்கும்?" என்றார் கடைக்காரர்.

"டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டா?"

"எந்த மடையன் போட்டான்?"

கிளெனிஸ் தம்பியையே பார்த்தாள். எம்லின் பீரைக் கீழே வைத்தான்.

"சரி, வண்டி ஓட்டின நான்தான் போட்டேன். ஆனா அப்போ எனக்குத் தூக்கக் கலக்கம்!"